பந்திங்கில் ரேஸ் சூட் தைக்கும் பள்ளிச் சீருடைக் கடை

கடையின் பெயரைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பலகையில் பெயரே இல்லை. பள்ளிச் சீருடை தைக்கப்படும் என்று மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. தமிழ் வரியில் பாதியை மழை தின்றுவிட்டது. மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங் பட்டணத்தின் பழைய கடைவரிசையில், கதவோரமாக என்ஜின் இல்லாத பழைய ஹோண்டா கப்சாய் மோட்டார்சைக்கிள் ஒன்று நிற்கிற கடை எதுவோ, அதுதான். கடைக்காரப் பெரியவர் விற்பதற்கு வைத்திருக்கிறார் என்று நினைத்து விலை கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டு, முதல் நாளே அவருடைய முறைப்பைச் சம்பாதித்துக்கொண்டேன்.

நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். ரேஸுக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம் என் அக்கா மகன். பத்தொன்பது வயது. கப் பிரீயில் ஒரு டீமுக்குச் சம்பளத்துக்கு ஓட்டுகிறான். சம்பளம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யவேண்டாம், பெட்ரோலுக்கும் டோலுக்கும் போக மிச்சத்தில் அவன் அம்மாவுக்கு ஒரு மாதக் கறண்டு பில் கட்டலாம். கப் பிரீ தெரியாதவர்களுக்கு: நாம் சந்தைக்கு ஓட்டிப்போகிற கப்சாய் வகை மோட்டார்தான், ரேஸுக்குத் தீட்டியது. அதில் ஓட்டும் மலேசியப் போட்டித் தொடர் இது, 1994-இலிருந்து நடக்கிறது. 2018-இல் உலக மோட்டார் ரேஸான மோட்டோ ஜிபியின் பெரிய வகுப்பில் ஓட்டிய முதல் மலேசியரான ஹபிஸ் ஷாரின் இதில் ஓட்டி வளர்ந்தவர். எங்கள் பந்திங்கில் பிறந்த சுல்பாமி கைருடின் என்று ஒருவரும் இருக்கிறார். 2012-இல் செப்பாங் தளத்தில் நடந்த மோட்டோ 3 என்ற சின்ன வகுப்பு ரேஸில் முதல் இடத்திலிருந்து புறப்பட்டு, கடைசியில் சாண்ட்ரோ கொர்தேஸேவிடம் மயிரிழையில் தோற்று இரண்டாவதாக வந்தார். அன்றைக்கு எங்கள் தாமான் குடியிருப்பில் போட்ட கூச்சல் கோயில் திருவிழாவுக்குக்கூடப் போட்டதில்லை. என் மருமகனுக்கு அப்போது ஐந்து வயது. அந்தக் கூச்சலில்தான் அவனுக்குப் பைத்தியம் பிடித்தது என்று அக்கா இன்றைக்கும் திட்டுவாள்.

போன டிசம்பரில் ஒரு கோ-கார்ட் தளத்தில் பயிற்சி. முன்சக்கரம் வழுக்கி விழுந்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. ரேஸ் சூட், அதாவது உடம்பு முழுக்க மூடும் தோல் உடை, அதன் வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தையல் வாய் பிளந்துவிட்டது. டீம் புது சூட் தருவதெல்லாம் முதல் ரேஸுக்குத்தான். ஜனவரி டெஸ்ட் ஓட்டத்துக்குப் பழைய சூட்டோடுதான் வரவேண்டும். போதாததற்குப் பையன் ஆறு மாதமாக ஜூக்ரா மலையில் சைக்கிள் மிதித்து மிதித்துத் தொடை இரண்டும் தேங்காய்மரத் தூராட்டம் ஆகியிருந்தது. ஜிப்பை இழுத்து மூடி மோட்டாரில் குனிந்தான் என்றால் எழுந்திருக்க இன்னொருவன் கை கொடுக்கவேண்டும். புது சூட் அளவெடுத்துத் தைக்க 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். டீமில் இருந்த மலாய்க்காரப் பொமன் (மெக்கானிக்) ஒருவர்தான், “உங்கள் ஊரிலேயே ஓர் அங்கிள் இருக்கிறாரே, தெரியாதா?” என்று சொல்லி அனுப்பினார். ஐம்பத்திரண்டு வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

பெரியவருக்கு எழுபதுக்குப் பக்கம் இருக்கும். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், அப்பா அம்மா இரண்டு பேருமே மரத்தில் பால் வெட்டியவர்கள். இளவயதில் லோரி, மோட்டார் சீட்டுகளுக்கு உறை தைத்துத் தோல்வேலை பழகினாராம். பள்ளிச் சீருடை அவருடைய சோறு. ரேஸ் சூட், அவர் வார்த்தையில், “வெற்றிலை பாக்கு”. ரவிக்கை மட்டும் தைப்பதில்லை. ஏன் அண்ணே என்று கேட்டதற்கு, “ரேஸ்காரன் விழுந்துட்டு வந்தாக்கூட சத்தம் போடமாட்டான்பா” என்றார்.

அளவெடுத்த விதத்தைத்தான் விவரமாகச் சொல்லவேண்டும். நான் பார்த்த டெய்லர் எல்லோரும் ஆளை நிற்கவைத்து டேப்பைப் போடுவார்கள். இவர் பையனைப் பார்த்து, “நிக்காதடா, போய் அதுல உக்காரு” என்று அந்த என்ஜின் இல்லாத ஹோண்டாவைக் காட்டினார். ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, ரேஸ் மோட்டாரில் இருப்பதுபோல் தாழ்வாக இரண்டு பிடி பற்றவைத்திருக்கிறார். கால் வைக்கும் இடத்தையும் மேலே தூக்கிப் பின்னால் தள்ளியிருக்கிறார். பையன் அதில் படுத்தாற்போல் குனிந்த பிறகுதான் டேப் கழுத்திலிருந்து இறங்கியது. பின்கழுத்திலிருந்து வால்எலும்புவரை, அக்குளிலிருந்து முழங்கைவரை, மடக்கிய முட்டியின் மேல்பக்கம், உள்பக்கம். “நிக்கிற உடம்புக்கு அளவெடுத்தா அது கல்யாணக் கோட்டு” என்றார். விஷயம் உண்மைதான். நல்ல ரேஸ் சூட் போட்டவன் நடந்தால் முதுகு வளைந்த குரங்கு மாதிரித்தான் தெரிவான். மோட்டாரில் ஏறிக் குனிந்ததும் எல்லாம் தன்னிடத்தில் வந்து உட்காரும்.

அடுத்து அவர் கேட்டது எனக்கு ஆச்சரியம். “இப்ப எத்தன கிலோ? மொத ரேஸ் அன்னைக்கி எத்தன கிலோ?” பையன் 61 என்றான், 57-க்கு இறக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். சின்ன என்ஜினில் ஓட்டுபவன் கனத்தைச் சுமந்துபோனால் நேர்ரோட்டில் தோற்றுவிடுவான், அதனால் ஜனவரி முழுக்க எங்கள் வீட்டில் பட்டினி விரதம். தே தாரிக் கிடையாது, நாசி லெமாக்கை முகர்ந்து பார்ப்பதோடு சரி. அக்கா வைக்கும் சம்பல் இக்கான் பிலிஸைப் பார்த்துக்கொண்டே அவித்த முட்டை சாப்பிடுகிறவனைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. பெரியவர் யோசித்தார். “இடுப்பு, வயிறு கரையும். தொடை கரையாது. முன்னங்கை இன்னும் பெருக்கும்.” ஆகையால் இடுப்பைத் தொடமாட்டேன், தொடையிலும் முன்னங்கையிலும் மட்டும் இடம் விடுகிறேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். நான் இடுப்பையும் கொஞ்சம் விடுங்கள் அண்ணே, மூச்சு விடமுடியவில்லை என்கிறான் என்றேன். “ரெண்டு மாசம் கழிச்சி தொளதொளன்னு வந்து நிப்பான். விழுந்து இழுபடறப்ப முட்டி பேட் முட்டியில இருக்காது, தொடைக்கு ஏறிடும். அப்ப நீயா பதில் சொல்லுவ?” பேசாமல் இருந்துவிட்டேன்.

முன்னங்கை விஷயத்தில் அவர் சொன்னதைப் பிறகு பையனிடம் விசாரித்தேன். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் பிடித்துப் பிடித்து முன்னங்கைத் தசை வீங்கும், அதைச் சுற்றியுள்ள சவ்வு விரிந்து கொடுக்காது, இரத்த ஓட்டம் நெருக்குண்டு விரல் மரத்துவிடும். பெரிய ரேஸ்காரர்களே இதற்கு ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள். டானி பெட்ரோசா 2015-இல், ஃபாபியோ குவார்த்தராரோ 2021-இல். கை இறுக்கமான சூட்டைப் போட்டால் அந்த வீக்கத்துக்கு இன்னொரு கட்டுப் போட்ட மாதிரி. பெரியவர் முன்னங்கையின் உள்பக்கத்தில் தோலைக் கீறி, கெவ்லார் என்ற உறுதியான இழை கலந்த இழுபடும் துணியை மடிப்பு மடிப்பாக வைத்துக் கொடுத்தார். வெளிப்பக்கம், அதாவது விழுந்தால் தரையில் உரசுகிற பக்கம், தோல்தான். அங்கே துணி வைக்கச்சொன்னால் கடையை விட்டுப் போகச் சொல்வார்.

தையலைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நீங்கள் பசியாறிவிட்டுப் போயிருக்கவேண்டும். தோல் துணி மாதிரி இல்லை, ஊசி குத்திய ஓட்டை ஓட்டையாகவே நிற்கும், மூடாது. கிழிந்த தையலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை ஓட்டை போட்டால் தபால்தலைத் தாளைப்போல அந்தக் கோட்டிலேயே கிழியும். ஆகவே பழைய ஓட்டைக்குள்ளேயே ஊசி இறங்கவேண்டும். அதை மெஷினில் விரைவாக ஓட்ட முடியாது. சக்கரத்தைக் கையால் உருட்டி ஓட்டை ஓட்டையாக இறக்குகிறார். வலது கை மட்டும் ஒரு முழு சாயங்காலம் எடுத்ததை நான் உட்கார்ந்து பார்த்தேன். பருத்தி நூல் வியர்வையில் அழுகிவிடும் என்று நைலான் நூல். உடையைச் சேர்த்துப் பிடிக்கிற தையல் உள்ளே மறைந்திருக்கும், அதன்மேல் வெளியே இன்னும் இரண்டு வரிசை. வெளி வரிசை தேய்ந்து போனாலும் உள்தையல் பிடிக்கும் என்பது கணக்கு. எங்கள் சூட்டில் அந்த உள்தையலே ஒற்றை இழையாக இருந்ததைக் காட்டினார். போன வருடம் தைத்தவர் யார் என்று கேட்டார். சொன்னேன். அதற்கு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

முன்பக்க ஜிப்பில் நாங்கள் குறை எதுவும் சொல்லவில்லை. அவராகவே இழுத்துப் பார்த்துவிட்டு மாற்றவேண்டும் என்றார். 75 வெள்ளி. தேவையில்லாத செலவு என்று எனக்குப் பட்டது, முகத்தில் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. போனை எடுத்துத் தேடி ஒரு படத்தைக் காட்டினார். 2021 ஜூன், பார்சலோனா. குவார்த்தராரோவின் சூட் ஜிப் ஓடும்போதே திறந்துகொண்டு, மனிதர் நெஞ்சு பாதுகாப்புத் தகட்டை உருவி எறிந்துவிட்டு, வெற்று மார்போடு கடைசிச் சுற்றுகளை ஓட்டுகிறார். மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டியவர். குறுக்கே வெட்டிப் போனதற்கு மூன்று வினாடி, சூட் திறந்திருந்ததற்கு இன்னொரு மூன்று வினாடி என்று தண்டனை ஏறி ஆறாவதாக இறங்கினார். “அவனுக்கு மூனு செகண்டு. நம்ம பையன் அந்த நேரத்துல விழுந்தா?” 75 வெள்ளியை எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், புது ஜிப் ஆரம்பத்தில் ரொம்ப முரடு. மெழுகு தேய்த்துத் தேய்த்து இரண்டு வாரம் கழித்துத்தான் ஒற்றைக் கையால் இழுக்க வந்தது.

குறைகளுக்கு வருகிறேன். தேதி. 2026-இல் பள்ளித் தவணை பழையபடி ஜனவரிக்குத் திரும்பியதால் டிசம்பர் கடைசியில் கடை முழுக்க வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. தைப்பூசம் பிப்ரவரி முதல் தேதி என்பதால் உறுமி மேளப் பையன்கள் தோல்வார் தைக்க வந்து வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் ரேஸ்காரர்கள் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் ஒரே ஆள், ஒரே பெரிய மெஷின். ஜனவரி 10-ஆம் தேதி என்றார், கிடைத்தது 21. டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்னால். இடையில் நான்கு தடவை லோரியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். முதல் தடவை சூட் கொக்கியில் தொங்கியது, இரண்டாம் தடவையும் அதே கொக்கியில் தொங்கியது. மூன்றாம் தடவை ஓர் உறுமிவார் அதன்மேல் தொங்கியது. கோபமாகக் கேட்டேன். “முருகன் தேதிய மாத்த மாட்டாரு, பள்ளிக்கூடம் மாத்தாது. ரேஸ்காரன்தான் மாத்துவான்” என்றார். போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வாட்சப் கிடையாது. ரசீதும் கிடையாது, சுண்ணாம்புக் கட்டியால் சூட்டின் உள்பக்கத்திலேயே தொகையை எழுதிவிடுகிறார்.

அழகு பார்க்கிறவர்கள் போகவேண்டாம். எங்கள் சூட் நீலம். தொடையில் அவர் சேர்த்த துண்டு கறுப்பு. நீலம் கிடைக்காதா என்றதற்கு, கையில் இருக்கும் நல்ல தோல் கறுப்புதான், நீலம் வேண்டுமானால் மட்டமான தோல் இருக்கிறது, எது வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். முன்னங்கையை அகலப்படுத்தியதில் ஸ்பான்சர் முத்திரை ஒரு விரல் அளவு நகர்ந்து சாய்ந்துவிட்டது. டீம் மேனேஜர் அதைப் பார்த்து ஒரு மாதிரி ஆகிவிட்டார். காசு கொடுக்கிறவன் பெயர் சாய்ந்து நின்றால் அவருக்குப் பதில் சொல்லவேண்டிய பாடு. இது நியாயமான புகார், பெரியவர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.

காற்றுப்பை வைத்த சூட்டுகளை அவர் தொடுவதே இல்லை. மோட்டோ ஜிபியில் 2018-இலிருந்து மூன்று வகுப்புக்கும் அது கட்டாயம். விழும்போது தோளையும் காறையெலும்பையும் சுற்றி ஊதிக்கொள்ளும். நான் போயிருந்த ஒரு நாள், காஜாங் பக்கத்திலிருந்து பெரிய மோட்டார்க்காரர் ஒருவர் விலையுயர்ந்த சூட் ஒன்றைக் கொண்டுவந்து, தோளில் சின்னக் கிழிசல்தான், எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்றார். “உள்ள பை எங்க ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. என் ஊசி அதுல ஒரு ஓட்ட போட்டா அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, விழுந்தாத்தான் தெரியும்” என்று திருப்பி அனுப்பினார். தெரியாத வேலைக்குக் கை நீட்டாத டெய்லரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் ரெக்சின் ஜாக்கெட்டுகளையும் தைக்க வாங்கமாட்டார். அதற்கு வேறு காரணம்: தார் ரோட்டில் உரசினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்கிறார்.

கங்காரு தோல் பற்றி மட்டும் ஒரு வரி. பெரிய ரேஸ்காரர்கள் போடுவது பெரும்பாலும் அதுதான். மாட்டுத்தோலைவிட மெல்லியது, இலேசானது, இழுத்தால் எளிதில் கிழியாது. எங்களுடையது மாட்டுத்தோல். மாற்ற ஆசைப்பட்ட பையனிடம், “மொதல்ல விழாம ஓட்டக் கத்துக்க” என்று முடித்துவிட்டார்.

சரி, வேலை நின்றதா? ஜனவரி 24, டீம் டெஸ்ட். காலையில் ஈரத் தளம், மதியம் காய்ந்துவிட்டது. பையன் நீள ஓட்டம் பதினைந்து சுற்றுப் போய் இறங்கி வந்து, போன வருடம் எட்டாவது சுற்றிலேயே விரல் மரத்துப்போகும், இந்தத் தடவை இல்லை மாமா என்றான். அதில் மலையேறிய சைக்கிளுக்கு எத்தனை பங்கு, கைக்குள் வைத்த மடிப்புத் துணிக்கு எத்தனை பங்கு என்று என்னால் பிரிக்கமுடியாது. ஸ்டார்ட் பயிற்சி பண்ணிவிட்டுக் கடைசி நேரத்தில் மறுபடி விழுந்தான். அதே வலது பக்கம். பத்துப் பதினைந்து மீட்டர் சறுக்கியிருப்பான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2025 பிப்ரவரி 5-ஆம் தேதி செப்பாங் டெஸ்ட்டின் முதல் நாளே அப்போதைய உலக சாம்பியன் ஹோர்ஹே மார்ட்டின் விழுந்து வலது கையும் இடது பாதமும் உடைந்தது, அது ஆறிவரும் நேரத்தில் சூப்பர்மோட்டோ பயிற்சியில் மறுபடி விழுந்து முதல் ரேஸுக்கே போகமுடியாமல் போனது, எல்லாம் அந்த இரண்டு வினாடியில் தலைக்குள் ஓடியது. சீசனுக்குத் தயாராகிறேன் என்று போய்ச் சீசனையே தொலைத்தவர்கள் எத்தனை பேர்.

எழுந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். சூட்டை உரித்துப் பார்த்தோம். முழங்கைத் தோல் ஒரு கையகலம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. வெளித்தையலில் ஒரு வரிசை நூல் அறுந்திருந்தது. இரண்டாவது வரிசை அப்படியே. உள்தையல் ஓர் இழை பிரியவில்லை. சாய்ந்து நின்ற ஸ்பான்சர் முத்திரை இருந்த இடத்தில் இப்போது முத்திரையே இல்லை, மேனேஜரின் ஒரு கவலை தீர்ந்தது.

மொத்தச் செலவு: இரண்டு கைகளும் பிரித்துத் தைக்க 90, தொடைக்கும் முன்னங்கைக்கும் சேர்த்து 140, ஜிப் 75, முட்டியில் தரை உரசும் ஸ்லைடர் துண்டை ஒட்டும் வெல்க்ரோ புதிதாக வைக்க 30. ஆக 335 வெள்ளி. 330 வாங்கிக்கொண்டார். என்னைக் கேட்டால் இதைப் போல இரண்டு மடங்கு கொடுத்திருப்பேன், அவர் காதில் விழாதபடி சொல்கிறேன்.

போகிறவர்கள் ஓட்டுகிற ஆளையே கூட்டிப்போங்கள். அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் தாளைத் திருப்பித் தருவார். உள்ளே போடும் பனியன், முதுகுத் தகடு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், அதெல்லாம் போட்டுக்கொண்டு குனிந்தால்தான் அளவு. சூட்டை முந்தின நாளே ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்திவிடுங்கள். வியர்வை உப்போடும் பூஞ்சையோடும் கொண்டுவந்த ஒருவரைக் கடை வாசல் நடைபாதையான அஞ்சடியிலேயே நிறுத்தி, “குளிப்பாட்டிட்டு வா” என்றதை என் கண்ணால் பார்த்தேன். திங்கட்கிழமை கடை இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்குமேல் போனால் முகம் கொஞ்சம் மலர்ந்திருக்கும், கையில் இரண்டு வடை இருந்தால் இன்னும் கொஞ்சம்.

அறுந்த அந்த ஒரு வரிசையை ஓட்டச்சொல்லிச் சூட்டை மறுபடி கொடுத்திருக்கிறோம். தைப்பூசம் முடிந்துவிட்டது, பள்ளியும் திறந்துவிட்டது, இனி என்ன தாமதம் அண்ணே என்றேன். முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, புதன்கிழமை வரச் சொன்னார். எந்தப் புதன்கிழமை என்று சொல்லவில்லை.